அகதி தந்த காலை இசை

சித்தூரிலும் திருப்பதியிலும் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில், சுப்ரபாதத்துக்கும் முன்னால் கேட்டது ஆகாசவாணியின் தொடக்க இசை. அந்த மெட்டை அமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். 1907இல் கார்ல்ஸ்பாதில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த மறு ஆண்டே, 1934இல், பம்பாய் வந்து சேர்ந்தார். 1946 வரை இங்கேதான் இருந்தார்.

அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. 1939இல் போர் மூண்டதும், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதர்களையே ‘எதிரி நாட்டவர்’ என்று பிரிட்டிஷ் அரசு முகாமில் அடைத்தது. பம்பாயின் யூத நிவாரணச் சங்கம் பரிந்து பேசிப் பலரை மீட்டது.

உயிருக்கு அஞ்சி வந்த ஒருவரின் இசையில்தான் நம் தலைமுறைகளுக்குப் பொழுது விடிந்தது. அகதியைப் பாரம் என்று சொல்லாதீர்கள், நண்பர்களே.