திறக்க வேண்டாத அணை

பனவடலிசத்திரத்துக்காரருக்கு ஆறு என்றால் எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. பெயரிலே பனையைத் தாங்கிய ஊர். வானம் பார்த்த பூமி. குளம் நிறைந்தால் அந்த வருஷம் பிழைத்தது. ஆகையால், சென்னிமலை முருகனைத் தரிசிக்கப் போன இடத்தில், பக்கத்திலே நொய்யலின் குறுக்கே ஓர் அணை இருக்கிறதென்று கேள்விப்பட்டதும், மலையிறங்கிய கையோடு ஒரத்துப்பாளையத்துக்கு வண்டி பிடித்துவிட்டோம்.

சென்னிமலை, கொடி காத்த குமரன் பிறந்த ஊர். 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டு விழுந்தபோதும் அவர் கையிலிருந்த கொடியை விடவில்லை. அந்தத் திருப்பூர் அன்று கதருக்குப் பேர்போனது. பிற்பாடு பனியன் நகரமாயிற்று. உலகத்துக்கெல்லாம் உடுப்பு அனுப்பும் ஊர் என்று நாமும் வகுப்பிலே பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு, கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிறது. 1992-ல் கட்டி முடிந்த இந்த அணையால் பதினாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்குமென்பது சர்க்காரின் எண்ணம். வந்து சேர்ந்ததோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஜலம். திறந்துவிட்டால் கீழேயுள்ள வயல்கள் பாழ். தேக்கி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் பாழ்.

"அணை நிறைந்தால் உங்களுக்குக் கொண்டாட்டந்தானே, ஐயா?" என்று மாடு ஓட்டி வந்த பெரியவரைக் கேட்டோம்.

"எங்கீங்க! தெறக்க வேண்டாமுங்கன்னு கேட்டவங்களே நாங்கதானுங்க."

தண்ணீருக்கு மனுப் போட்டே பழகிய நமக்கு, இந்தப் பதில் விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

பருத்தி நூலில் சாயம் எளிதில் ஏறாது. உப்பைக் கொட்டித்தான் ஏற்ற வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு அவ்வளவும் அலசிய ஜலத்தோடு வெளியே போய்விடும். நிறத்தைக் கண்டு ஜனங்கள் அஞ்சுகிறார்கள். நிறமில்லாத உப்புத்தான் அதிகம் கெடுதல் செய்தது. காய்ச்சினால் அது போகாது. மண்ணை இறுக்கிவிடும். அந்த ஜலத்தையே நெடுநாள் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். மூத்திரக் காய்க்கும் சிரமம். சாயமும் சாதுவல்ல. சாயத் தொழிலாளரின் மூத்திரப்பையில் புற்றுநோய் காண்பதை 1895-லேயே ஜெர்மனியில் ரேன் என்ற ரண வைத்தியர் எடுத்துக் காட்டினார். பட்டறைத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளியும் நம்மவன்தானே!

விவசாயிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று 2006-ல் தீர்ப்பாயிற்று. அது நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி உத்தரவு பிறந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருசேர நின்றன. தொழிலாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கழிவை வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்தெடுக்கும் ஏற்பாடு செய்த பிறகே அவை மீண்டும் திறக்க முடிந்தது. செலவு பிடித்த காரியந்தான். ஆனால் சட்டையின் விலையிலே அந்தச் செலவு சேராதிருந்த காலமெல்லாம், அதை ஒரத்துப்பாளையத்துக் கிணறுகள் அல்லவா கட்டிக்கொண்டிருந்தன?

பெரியவர் விடவில்லை, வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மருமகள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்:

"கெணத்துத் தண்ணி இல்லீங்க. கொழாத் தண்ணிதானுங்க, தைரியமாக் குடிங்க."