கட்டுமரமும் கம்பிச் செலவும்

பேரு என்னவோ நம்ம கட்டுமரத்துலேர்ந்து வந்ததுதான். ஆனா லங்காவியில நிக்கிற எங்க 38 அடி கேட்டமரன் வைக்கிற செலவு இருக்கே, அய்யோ!

புதுப் பாய் வாங்கக் காசு சேர்த்து வெச்சிருந்தேன். போன மாசம் பாய்மரத்தைத் தாங்குற கம்பியைத் துடைச்சப்ப துணி சிக்கிச்சு. 19 இழையில ஒண்ணு அறுந்திருக்கு. கீழ்முனையில, உப்புத்தண்ணி தேங்குற இடத்துல.

ஒத்தை உடல் படகுன்னா பலமா காத்தடிச்சா சாய்ஞ்சு கொடுக்கும். இது லேசுல சாயாது. அந்த பாரமெல்லாம் கம்பி மேலதான். மறுநாள் ஃபூக்கெட் கிளம்ப இருந்தோம், ரத்து. தங்கமணி முறைச்சாங்க.

பாய்க்காசு முழுக்கக் கம்பிக்கே போச்சு. பழைய பாய்ல வெயில் தாங்க ஓரமா தைச்சிருந்த துணி இத்துப்போச்சு. அதைப் பிரிச்சு நானே புதுசு தைச்சுக்கிட்டிருக்கேன். விரலெல்லாம் பொத்தல் :-)