பாலைவனம் காத்த விளையாட்டுகள்

அமெரிக்காவின் தென்பகுதியிலே, ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரை விட்டு வடதிசை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறக்குறைய 90 மைல் தூரம் வறண்ட வெளியினூடே ஓடி, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ என்னும் ஊரை அடைகின்றது. கிழக்கே சக்ரமென்ரோ மலைத்தொடர் மதில்போல் நிற்க, மேற்கே துலரோசா என்னும் பாலைப் பள்ளம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கின்றது. இரயிற்பாதையை முன்னிட்டு 1898இல் எழுந்த இவ்வூரில் இன்று சுமார் 31,000 மக்கள் வாழ்கின்றனர்.

யாத்திரிகர் இங்கு வருவது பெரும்பாலும் வெண்மணற் குன்றுகளைக் காண்பதற்கே. 275 சதுர மைல் பரப்பிலே பாற்கடல்போற் பரந்துள்ள அம்மணல் சாதாரண மணலன்று. ஜிப்சம் என்னும் கனிப்பொருளின் துகள். சூரிய வெப்பத்தை அதிகம் ஏற்காதபடியால் நடுப்பகலிலும் அதன்மேல் வெறுங்காலுடன் நடக்கலாம். வடமேற்கே சுமார் 60 மைல் தொலைவில், 1945 ஜூலை 16ஆம் நாள் உலகின் முதலாவது அணுகுண்டு வெடிக்கப்பட்ட இடமும் உள்ளது. ஆயினும் நாம் இங்கே காண விழைவது இவ்விரண்டையுமல்ல. ஊராரின் பழைய குப்பைமேட்டையே!

அக்கதை 1982இல் ஆரம்பமாகின்றது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுகளை விற்று, அற்றாரி என்னும் கம்பனி அக்காலத்திலே கொடிகட்டிப் பறந்தது. அவ்வாண்டு வெளியான 'ஈ.ரி.' என்னும் திரைப்படம் உலகெங்கும் புகழ்பெறவே, அதனை நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் விளையாட்டாக்கி விற்றுவிட வேண்டுமென்று கம்பனி அவசரப்பட்டது. ஹோவர்ட் ஸ்கொட் வார்ஷோ என்னும் நிபுணருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்தே வாரங்கள். பல மாதங்கள் வேண்டிய வேலையை ஐந்து வாரத்திற் செய்தால் எப்படியிருக்கும்? அடிக்கடி குழியில் விழுந்து எழுவதே விளையாட்டாயிற்றென்று பிள்ளைகள் சலித்தனர். பெட்டிகள் விற்பனையாகாமற் குவிந்தன. அடுத்த ஆண்டு கம்பனியின் நட்டம் 50 கோடி டொலரைத் தாண்டியது.

1983 செப்ரெம்பரில், எல் பாசோவிலிருந்த களஞ்சியத்தினின்று லொறி லொறியாகச் சரக்கு வந்து அலமகோர்டோ குப்பைமேட்டிற் கொட்டப்பட்டது. ஊர்ச் சிறுவர் சும்மா இருப்பார்களா? அகப்பட்டதை அள்ளிச் சென்றனர். பின்னர் குவியலின்மேற் கொங்கிறீற் ஊற்றி மூடினர். காலப்போக்கில், இஃது உண்மையோ கட்டுக்கதையோ என்று உலகம் ஐயுறலாயிற்று. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2014 ஏப்பிரல் 26ஆம் நாள், புழுதிக்காற்றுக்கு நடுவே இயந்திரங்கள் நிலத்தை அகழ்ந்தன. தொல்லியலாளரும் உடனிருந்தனர், வார்ஷோவும் வந்திருந்தார். நசுங்கியும் அழுக்கேறியும் விளையாட்டுப் பேழைகள் வெளிவந்தன, 'ஈ.ரி.' மாத்திரமன்றி வேறு பல விளையாட்டுகளும் அவற்றுள் இருந்தன. புதைந்தவை 7 இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. எடுத்தவை ஏறத்தாழ 1,300. நகரசபை அவற்றிற் பலவற்றை ஏலத்தில் விற்று ஓர் இலட்சம் டொலருக்கு மேற் பெற்றது. ஒருவர் எறிந்த குப்பை மற்றொருவருக்குப் புதையலாயிற்று. ஒன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவகத்தைச் சேர்ந்தது.

விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று பெரியோர் கேட்கலாம். அந்தப் பேழைகள் கையிற் பிடிக்கத்தக்க பொருள்களாயிருந்தமையாலன்றோ பாலைவனத்தால் அவற்றைக் காக்க முடிந்தது! காசு கொடுத்தவர் அதனை அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாம்; விற்கலாம்; பேரனுக்கென்று பெட்டியில் வைக்கலாம். கம்பனி நொடித்தாலும் அது வீட்டிலே கிடக்கும்.

இக்காலத்து நிலைமை வேறு. யூபிசொவ்ற் கம்பனி 2014இல் வெளியிட்ட 'த குரூ' என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டிலே அமெரிக்க தேசம் முழுவதும் சிறியதோர் உருவில் அமைக்கப்பட்டிருந்தது. கீழைக்கரையிலிருந்து மேலைக்கரைக்கு வீட்டிலிருந்தபடியே வண்டியோட்டிச் செல்லலாம். 2024 மார்ச் 31ஆம் நாள் கம்பனி தன் சேவைக் கணினிகளை நிறுத்தியது. அந்தத் தேசமே மறைந்தது. வட்டுத்தட்டாக வாங்கி வைத்தவர்க்கும் வெறுந்தட்டே மிஞ்சிற்று. 2025இல் ஆர்வலர் சிலர் சொந்த முயற்சியால் அதனை மீண்டும் இயங்கச் செய்தனராயினும், அது விற்றவர் வழங்கிய உரிமையன்று. வாங்கியவர் பெற்றது பொருளல்ல, அனுமதி மாத்திரமே என்பதே கம்பனிகளின் வாதம். இதனை விற்கும்போதே தெளிவாகச் சொல்லவேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொல்லிவிட்டால் போதுமா என்பது வேறு விஷயம். ஐரோப்பாவிலோ, விற்ற விளையாட்டை முடக்கலாகாதென்று கோரும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோர் தொகை 2025 ஜூலையில் 10 இலட்சத்தைத் தாண்டியது.

பழைய விளையாட்டுகளின் கதியும் அதுவே. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியானவற்றுள் 87 சதவீதம் இப்போது கடைகளிற் கிடைப்பதில்லையென 2023இல் வெளியான ஆய்வொன்று கண்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள அத்தகைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்தே பயன்படுத்த இடமளிக்கலாமா என்று கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்ரோபரில் அதனை மறுத்துவிட்டது. பிறநாட்டு மாணவனொருவன் அவற்றைப் படிக்க விரும்பினால், கடல் கடந்து நேரிற் செல்லவேண்டியதுதான்.

அலமகோர்டோவில், மலையடிவாரத்திலுள்ள விண்வெளி வரலாற்று நூதனசாலைக்கும் அகழ்ந்தெடுத்த பேழைகளிற் சில வழங்கப்பட்டன. குப்பைமேட்டுக் குழி மீண்டும் மூடப்பட்டுவிட்டது. எஞ்சிய இலட்சக்கணக்கான பேழைகள் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.