தோட்டனூத்தில் ஒரு மாலைப் பொழுது

திண்டு போல் கிடக்கும் ஒற்றைக் கல்மலை. அதனாலேயே இவ்வூருக்குத் திண்டுக்கல் என்று பெயர் என்பர். 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் எழுப்பத் தொடங்கிய கோட்டை இன்றும் அதன் தலையில் நிற்கின்றது. அதன் அடிவாரத்திலே பூட்டுச் செய்வோரும், தோல் பதனிடுவோரும், வாழையும் காய்கறியும் விற்போரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஆயினும் இச்சமவெளி மழையை நம்பிய பூமி. மழை பொய்த்த காலங்களில் மதுரை, திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஏழை எளியோர் பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போனார்கள். அப்படிப் போன ஒரு குடும்பம் திரும்பி வந்த கதையே இது.

எமது பங்கில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்து வந்த மாணவி ஒருத்தி, மூன்று வாரங்களாகக் கோயிலுக்கு வரவில்லை. கல்லூரியில் முதலாண்டு பயில்பவள். உடல்நலக் குறைவோ என்றெண்ணி, ஒரு சனிக்கிழமை மாலை அவள் குடியிருக்கும் தோட்டனூத்துக்குப் புறப்பட்டேன்.

தோட்டனூத்து திண்டுக்கல்லை அடுத்துள்ள சிற்றூர். அங்கே ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழக அரசு கட்டிய 321 வீடுகள் அவை. 2022 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டன. அதற்கு முன்பு குடும்பம் முழுவதும் பத்தடிக்குப் பத்தடி அறையிலே காலம் தள்ளியது. வாசலில் செம்பருத்தி, சுவரிலே மடு மாதாவின் படம். மன்னார்க் காட்டிடையே கோயில் கொண்டுள்ள அன்னை அவள்.

“வாங்க சுவாமி” என்று வரவேற்றார் மாணவியின் அம்மம்மா. நம் ஊரில் அம்மாச்சி என்போம். இவர்கள் வவுனியாவில் பழகிய சொல்லை விடவில்லை. தேநீர் வந்தது. கோப்பையைக் கையில் கொடுத்துக்கொண்டே, “நான் பன்னிரண்டு வயசிலேயே கொழுந்து பறிக்கப் போனவள், சுவாமி” என்று அம்மூதாட்டி தம் கதையைத் தொடங்கினார்.

அவருடைய தாத்தா இந்தத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தவர். கங்காணியின் பின்னே சென்று, மண்டபம் முகாமிலே தங்கி, கப்பலேறி, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார். தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடமே அந்நாளைய மண்டபம் முகாம். அங்கே லயத்து அறைகளில் இரண்டு தலைமுறைகள் பிறந்தன. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று எண்ணிக்கையால் மனிதரைப் பங்கிட்டது. இக்குடும்பம் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றுவிட்டது. 1977-இன் இனக் கலவரத்தில் லயம் எரிந்தது, வவுனியாவுக்கு ஓடினார்கள். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது மடு அன்னையின் கோயில் வளாகத்தில் ஆயிரக்கணக்கானோருடன் தஞ்சம் புகுந்து, பின்னர் மன்னார்க் கரையில் படகேறினார்கள். இடுப்பில் நான்கு வயது மகள். அவளே இம்மாணவியின் தாய். இராமேசுவரத்தில் இறங்கியவர்களை அதிகாரிகள் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எது? அதே மண்டபம் முகாம்! தாத்தா போன வழியிலேயே பேத்தி திரும்பி வந்தார்.

“அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்கிறார்கள். காலையில் தோட்டத்திலே பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்தோம். இங்கேயும் மாசா மாசம் பேர் கொடுக்கிறோம்” என்றார் அவர். பெரட்டு என்பது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. முகாமில் மாதந்தோறும் நடக்கும் தணிக்கையை அவர் அந்தப் பழைய சொல்லாலேயே அழைக்கின்றார். மனக்கசப்போடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதற்குள் மாணவி வெளியே வந்தாள். இரு நாடுகளுக்கிடையே வளர்தல் என்றால் என்னவென்று அவளிடமே கேட்டேன். அவள் இலங்கையைக் கண்டதில்லை, திண்டுக்கல்லிலே பிறந்தவள். ஆனால் வீட்டிற்குள்ளே இலங்கை இருக்கின்றது. ரொட்டி வீட்டில் ‘பாண்’, அழகு ‘வடிவு’, பேசுவது ‘கதைப்பது’. ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை ஏதோ கேட்க, இவள் “ஓம்” என்றாளாம். அம்மம்மாவின் ‘ஆம்’ அது. வகுப்பே மந்திரம் என்று நினைத்துச் சிரித்தது. அன்று முதல் வாசற்படியைத் தாண்டினால் ‘ஆமா’, உள்ளே வந்தால் ‘ஓம்’. “இப்ப ரெண்டுமே தானா வருது, ஃபாதர். ஆனா எது என்னோடதுன்னு கேட்டா சொல்லத் தெரியல” என்றாள்.

சொல்லில் இருந்த இந்த இரட்டை நிலை, கல்லூரி விண்ணப்பத்தில் வேறு உருவம் எடுத்தது. ‘நாட்டினம்’ என்றொரு கட்டம். இந்தியா என்று எழுதினால் பொய்; இலங்கை என்று எழுதினால் தான் காணாத நாடு. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர்க்குப் பிறப்பே குடியுரிமை தரும். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் விதி இன்னும் இறுகியது. மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்மணி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி, 2022-இல் கடவுச்சீட்டுப் பெறும் உரிமையை வென்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். ஆனால் நம் மாணவி பிறந்தது 2008-இல். 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனை விதிகளிலிருந்து மைய அரசு 2025-இல் விலக்களித்தது. அது ஆறுதலே, குடியுரிமை அன்று. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழக முகாம்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 58,000 பேர். அவர்களுள் இவளைப் போன்று இங்கேயே பிறந்த பிள்ளைகள் ஏராளம். தகப்பனார் ஊரெல்லாம் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்துப் படிக்க வைக்கின்றார். படித்த பின் வாக்கும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை, அரசுப் பணியும் எட்டாக் கனி.

“சரி, கோயிலுக்கு ஏன் வருவதில்லை?” என்று கடைசியாகக் கேட்டேன். அவள் தலை குனிந்தாள். அம்மம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். சிறிது நேரங்கழித்துத்தான் விடை வந்தது.

“கிறிஸ்துமஸ் அன்னிக்குத் துணி கொடுக்க நீங்க பட்டியல் வாசிச்சீங்க, ஃபாதர். ‘அகதிக் குடும்பங்கள்’னு சொல்லி எங்க அப்பா பேரையும் வாசிச்சீங்க. அடுத்த ஞாயிறு என் வகுப்புப் பையன் ஒருத்தன் ‘டீச்சர், அகதின்னா என்ன?’ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரல.”

அன்பர்களே, நான் வெட்கித் தலைகுனிந்தேன். 2021-ஆம் ஆண்டிலேயே அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியிருந்தது. அரசு அழித்த சொல்லை நான் பலிபீடத்தருகே நின்று உரக்க வாசித்திருக்கின்றேன். கொடுக்க வந்தவளைக் கைநீட்டி வாங்குவோர் வரிசையிலே நிறுத்திவிட்டேன். பிறருக்கு உதவி செய்கிறோம் என்ற பெருமிதத்தில் இத்தகைய காயங்களை நாம் அறியாமலே உண்டாக்கிவிடுகின்றோம்.

நம் மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித வளனார். ஏரோதுக்கு அஞ்சி, இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடியவர் அவர். நாசரேத்துக்குத் திரும்பிய பின் திருக்குழந்தையின் பேச்சில் எகிப்தின் வாடை சிறிதேனும் வீசியிருக்காதா? தெருப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டார்களா? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. ஆனால் அயல் நாட்டில் வளர்ந்த ஒரு குழந்தையைத்தான் நாம் தினமும் தொழுகின்றோம் என்பதில் ஐயமில்லை. நம் திருவிழாவில் அக்குடும்பத்தின் சுரூபத்தைத் தோளில் சுமந்து செல்லும் நாம், நம் தெருவில் அதே நிலையிலுள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு தரத் தயங்குவது முறையாகுமா? சம்பந்தம் பேசும்போது ‘முகாம் பிள்ளை’ என்று விலகுவது முறையாகுமா? சட்டம் வழங்க வேண்டியதைச் சட்டம் வழங்கட்டும். அதற்காக மன்றாடுவோம், மனுவும் கொடுப்போம். ஆனால் ‘எங்கள் ஊர்ப் பிள்ளை’ என்று அழைப்பதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய், “ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க ஃபாதர்” என்றாள். விடைபெறும்போது அம்மம்மா ஒரு பொட்டலம் தேயிலையைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கத்தான் வேண்டும் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பின் சன்னலோரம் சற்று நின்றேன். அவள் வந்திருந்தாள். அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்குக் கரும்பலகையில் எகிப்தின் வரைபடத்தைத் தீட்டி விடை சொல்லிக்கொண்டிருந்தாள். “புரியுதா?” என்று அவள் கேட்க, முன் வரிசைப் பொடியன் ஒருவன் எங்கே கற்றானோ, “ஓம், டீச்சர்!” என்றான். இம்முறை வகுப்போடு அவளும் சேர்ந்து சிரித்தாள்.