இரண்டாவது கயிறு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு முருக்குத்தடியும் ஒரு தளைநாரும் கிடக்கின்றன. இரண்டும் தாத்தாவுடையவை. உடன்குடிப் பக்கம் பனையேறிகள் தளைநாரைக் காலில் மாட்டிக்கொள்வார்கள். பாதங்கள் இரண்டும் விலகாமல் மரத்தைக் கவ்விக்கொள்ள அது உதவும். அந்த நார் ஒரு காலை இன்னொரு காலோடு சேர்க்கிறதே தவிர, ஆளை மரத்தோடு சேர்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த பொருள்தான் என்றாலும் இந்த வித்தியாசம் எனக்கு முப்பத்து நான்கு வயதில்தான் உறைத்தது.

தாத்தா 1974-இல் பனையிலிருந்து விழுந்து இறந்தார். அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. எப்படி விழுந்தார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கை தவறிட்டு." அதோடு பேச்சு முடிந்துவிடும். "நம்ம வீட்டுல இனி ஒருத்தனும் மரத்துல கை வைக்கக் கூடாது" என்று ஆச்சி சொன்னது எங்கள் வீட்டின் சட்டமானது. கொய்யா மரத்தில் ஏறியதற்கு அப்பாவிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா படித்து குமாஸ்தா ஆனார். நான் பொறியியல் படித்து, மென்பொருள் எழுதி, பிரிஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த இடத்தில் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆஷ் மரம் இருந்தது.

*

ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2012-இல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட நோய் அது. முதலில் உச்சி காயும், பிறகு கிளைகள் எதிர்பாராமல் முறியும். எங்கள் மரமும் பாதி மொட்டையாகிவிட்டதால் வீட்டு உரிமையாளர் மரம் வெட்டுபவர்களை வரவழைத்தார். இங்கே அவர்களை 'ட்ரீ சர்ஜன்' என்பார்கள், மர மருத்துவர் மாதிரி.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்து, அடியில் காளான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து வெகுநேரம் நின்றார். கடைசியில் உரிமையாளரிடம், இந்த மரத்தில் நான் ஏற மாட்டேன், அடுத்த வாரம் மேடை தூக்கும் வண்டியோடு வருகிறேன், அதற்குச் செலவு கூடும் என்றார். உரிமையாளர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மரம் ஏறுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் 'ஏற மாட்டேன்' என்று சொல்ல முடியும், அப்படிச் சொன்ன பிறகும் அவருக்கு வேலை இருக்கும் என்பது எனக்குப் புதிது. அடுத்த மாதமே மரம் ஏறவும், மேலே மாட்டிக்கொண்டவரை மீட்கவும் கற்றுத்தரும் ஐந்து நாள் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஊரில் சொல்லவில்லை. தாத்தா கூலிக்கு ஏறினார், பேரன் காசு கொடுத்து ஏறுகிறான் என்று சொன்னால் ஆச்சியின் படமே சுவரிலிருந்து விழுந்துவிடும்.

*

முதல் நாள் பாதி வரை ஏறவே இல்லை. ஒரு தார்ப்பாயை விரித்து, அதில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார் பயிற்சியாளர். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ், கயிறுகள், கராபினர் எனப்படும் உலோகக் கொக்கிகள், மரத்தைச் சுற்றிப் போட்டு ஆளை நிலைநிறுத்தும் லான்யார்ட் என்ற குட்டைக் கயிறு, ஹெல்மெட், வெட்டுக்காயக் கட்டுப் பை. நாங்கள் நான்கு பேர். எல்லாவற்றையும் சோதித்து, சரியில்லாததை எடுத்து வையுங்கள் என்றார்.

கயிற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. முழு நீளத்தையும் கை வழியாக உருவி விட வேண்டும். வெளியே பின்னிய உறை, உள்ளே இழைகளாலான கரு என்று அதில் இரண்டு அடுக்கு. உறை நன்றாக இருந்து கரு மட்டும் சேதமாகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஓரிடம் கொழகொழவென்று இருக்கும், அல்லது கெட்டித்திருக்கும். கராபினரைத் திறந்து விட்டால் அது தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். திறப்பதற்கோ, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அசைவுகள் தேவைப்பட வேண்டும். கிளையில் உரசித் தற்செயலாகத் திறந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஹார்னஸில் தையல் தையலாகப் பார்க்க வேண்டும். இது தினமும் ஏறுபவர் செய்வது. இதற்கு மேல், ஆளைத் தாங்கும் சாமான்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் முறையாக ஆய்வு செய்து எழுதி வைக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு கொக்கிக்கும் எண் உண்டு, பதிவேட்டில் அதன் வரலாறு உண்டு.

நான் எல்லாவற்றையும் பார்த்து 'சரி' என்றேன். பயிற்சியாளர் என் குவியலிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து வளைத்துக் காட்டினார். ஓரிடத்தில் வளைய மறுத்தது. யாரோ வேகமாக இறங்கியபோது உராய்வின் சூட்டில் உறை உருகி, கண்ணாடி போல இறுகியிருந்தது. அவர் வேண்டுமென்றே அதை உள்ளே கலந்து வைத்திருக்கிறார். எங்கள் முன்னாலேயே கத்தியால் அதை நான்கு துண்டாக வெட்டினார். கழித்த சாமானை முழுசாகக் குப்பையில் போடக் கூடாதாம், யாராவது நல்ல கயிறு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தத் துண்டுக் கயிற்றுக்குத்தான் இதில் முக்கியமான வேலை. ஏறும் கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி வரும். அதன் மேல் இந்தத் துண்டை நாலைந்து சுற்றாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு ஹார்னஸோடு இணைப்பார்கள். எடை விழுந்தால் முடிச்சு இறுகிக் கயிற்றைக் கவ்வும். எடையை எடுத்துத் தள்ளினால் நகரும். ஆஸ்திரியாவின் மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் எழுதி வெளியிட்ட முடிச்சின் வம்சம் இது. இன்று அதே வேலையைச் செய்யும் உலோகக் கருவிகளும் வந்துவிட்டன.

மலையேறிகளின் கயிறு ரப்பர் போலக் கொஞ்சம் நீண்டு, விழுகிறவரின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மரத்தில் பயன்படுத்தும் கயிறு அப்படி நீளாது. அது விழுந்த ஆளைப் பிடிப்பதற்கான கயிறு அல்ல, எப்போதும் அதில் உட்கார்ந்திருப்பதற்கான கயிறு. அதனால் தளர்வுதான் எதிரி. ஒரு மீட்டர் தளர்ந்த கயிற்றோடு விழுந்தால், கயிறு அறாது, முதுகெலும்பு தாங்காது. கட்டும் இடம் எப்போதும் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஏறும் முன் இரண்டு பேர் தரையில் நின்று கயிற்றில் தொங்கி, கிளை தாங்குகிறதா என்று பார்ப்போம். கம்பி முள் வைத்த காலணியைப் பிழைக்கப் போகும் மரத்தில் போடவே கூடாது. ஒவ்வொரு குத்தும் பட்டைக்குக் கீழே மரத்தின் உயிருள்ள அடுக்கைக் காயப்படுத்தும்.

மேலே ரம்பத்தை ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பது பழைய விதி, ஒன்றை வெட்டிக்கொண்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. 2020-இல் வந்த தொழில் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், பொதுவாகவே இரண்டு கயிறுகளில் ஏறுவதை வழக்கமாக்கியது. பயிற்சியாளருக்கே அதில் வருத்தம்தான். இத்தனை வருஷம் ஒரே கயிற்றில் ஏறியவர். இரண்டும் சிக்கிக்கொள்கின்றன, நேரம் ஆகிறது என்று புலம்பிக்கொண்டேதான் எங்களுக்கு இரண்டையும் கட்டிவிட்டார்.

*

நான்காம் நாள் மாலை, ஒரு ஓக் மரத்தில் எட்டு மீட்டர் உயரத்தில் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கயிற்றை இன்னும் மேலே உள்ள கிளைக்கு மாற்ற வேண்டும். லான்யார்டில் நின்றுகொண்டு முதல் கயிற்றைக் கழற்றி, மேலே போட்டு, கராபினரை ஹார்னஸில் மாட்டினேன். 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. இரண்டாவது கயிறு தன் இடத்தில் தனியாக இருந்தது. லான்யார்டைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தேன்.

கீழே போனேன். அரை மீட்டர்கூட இருக்காது. இரண்டாவது கயிறு இழுத்து நிறுத்தியது.

கராபினரை நான் மாட்டியிருந்தது ஆளைத் தாங்கும் வளையத்தில் இல்லை. அதற்குப் பக்கத்தில் கைரம்பம் தொங்கவிடும் சிறு வளையத்தில். சில கிலோ தாங்கும் அந்த வளையம் பிய்ந்து, கராபினர் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. வாய் உலர்ந்துவிட்டது. எனக்குத் தோன்றிய முதல் வார்த்தை தமிழில்தான் தோன்றியது: கை தவறிட்டு.

இறங்கி வந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். டீ கொடுத்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்து, நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மணி நான்கு. ஆள் களைத்திருந்தார். கையுறை நனைந்திருந்தது. இரண்டு வளையங்களும் ஒரே கறுப்பு. மாட்டிய பின் எடை போட்டுச் சோதிக்காமல் லான்யார்டைக் கழற்றினார். அதற்குக் கீழே: சிறு வளையங்களில் சிவப்பு டேப் சுற்றுக, பயிலுநர்கள் மூன்றரை மணிக்குப் பிறகு கயிறு மாற்ற வேண்டாம். நோட்டில் என் பெயர் எங்கேயும் இல்லை.

எங்கள் துறையிலும் இது உண்டு. சர்வர் விழுந்தால் யார் மேலும் பழி போடாமல் காரணம் தேடுகிறோம் என்று பெருமையாகக் கூட்டம் போடுவோம். நானே அப்படி நிறைய அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் விழுந்து கிடக்கும் ஒரு சம்பவத்துக்கு அப்படி ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து, எதையும் சொல்லாமல், "தாத்தா விழுந்த அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மொத நா ராத்திரி கோட மழ. மரமெல்லாம் வழுக்கு. போவாண்டாம்னு ஆச்சி சொன்னா. ஒரு நா விட்டா பாள கெட்டுரும்லா? போனாரு. அது முப்பத்திரெண்டாவது மரம். பெட்டியத் தூக்கிக் குடுக்க நான் கீழ நின்னேன்" என்றார்.

"இத்தன நாளா ஏம்பா சொல்லல?"

"யாருல கேட்டா?"

*

போன வருஷம் லீவுக்குப் போனபோது ஒரு ஹார்னஸும் லான்யார்டும் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் இன்னும் பனையேறும் மாமா ஒருவர் இருக்கிறார். சாமான்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மருமவனே, கயித்த மேல எங்க கெட்டுவ?" பனையில் கிளை ஏது? ஓக் மரத்துக்காகச் செய்த முறை பனையடியில் நின்றதும் பாதி செத்துவிட்டது.

கிளையில்லாத தண்டுக்கு அங்கே வேறு முறை உண்டு. லான்யார்டை மரத்தைச் சுற்றி, எடை விழுந்தால் இறுகும் சுருக்காகப் போட வேண்டும். சும்மா சுற்றிப் போட்டால் கால் வழுக்கும்போது ஆளோடு சேர்ந்து அதுவும் கீழே வந்துவிடும். மாமா ஒரு மரத்தில் அதைப் போட்டு ஏறிப் பார்த்தார். அடிக்கு அடி சுருக்கைத் தளர்த்தி மேலே நகர்த்த வேண்டியிருந்தது. இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கணக்குச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. இதப் போட்டா நாளைக்குப் பத்து மரம் ஏறலாம். மிச்ச முப்பது மரத்துக்கு யாரு கூலி தருவா?"

என்னிடம் பதில் இல்லை. பிரிஸ்டலில் அந்தப் பதில் வீட்டு உரிமையாளரின் பில்லில் இருந்தது. இரண்டாவது கயிற்றைக் கட்டும் நேரமும், மேலே ஒருவர் மாட்டிக்கொண்டால் ஏறி மீட்கத் தெரிந்த இரண்டாவது ஆளின் சம்பளமும் அதில் அடக்கம். ஒரு கிலோ கருப்பட்டி விலையில் அதெல்லாம் இல்லை. அதற்காக இங்கே முடியவே முடியாது என்றும் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் ஏறும் கருவியோடும் காப்பீட்டோடும் பயிற்சி தொடங்கியது. தெலங்கானா அரசு 2024-இல் கள் இறக்குபவர்களுக்குப் பாதுகாப்புக் கயிற்றுத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. செலவை ஏறுகிறவர் அல்லாத யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டால் நடக்கிறது.

மாமா ஹார்னஸைத் திருப்பித் தரவில்லை. "ஏறும்போது வேண்டாம். உச்சியில உக்காந்து பாள சீவுதப்போ ரெண்டு கையும் வேலையில இருக்கும்லா, அப்பம் போட்டுக்கிடுதேன்" என்றார். வெட்டும்போது கட்டியிரு என்ற அந்தப் பழைய விதியை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்று லான்யார்டைக் கையில் உருவிக்கொண்டே இருந்தார். எதைத் தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மருமவனே, காலையில உருவிப் பாத்தேன். கருக்கு அறுத்து ஒரு எடத்துல நூலு பிரிஞ்சாப்புல இருக்கு. உள்ளயும் கொஞ்சம் கொழகொழங்கு. இன்னும் போடலாமா?"

போடாதீங்க, வெட்டிப் போட்டுருங்க, வேற அனுப்புதேன் என்றேன். இந்த முறை உள்ளே எஃகுக் கம்பி வைத்த லான்யார்ட் வாங்கினேன். அது போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. இடையில் எத்தனை மரம் ஏறினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.