லயத்து வாசலில் ஒரு விற்பனை



சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைப்புக்காகக் குடியேறியிருக்கும் உங்களில் அநேகருடைய பெற்றோர் இன்றும் மலைத் தோட்டங்களில்தான் வாழ்கிறார்கள். பணி ஓய்வு பெறும் நாள் வந்ததும் அவர்களை உங்களோடு அழைத்துக்கொள்ள ஆயத்தமாகிறீர்கள். அப்பொழுது ஒரு கேள்வி எழும்புகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த வீட்டுச் சாமான்களை என்ன செய்வது? நகரத்து இரண்டு அறை வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. கடைசி இரவில் பழைய சாமான் வியாபாரியை அழைத்து, அவர் சொன்ன விலைக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதை ஏலப்பாறை என்னும் ஊரை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலப்பாறைக்குச் செல்லும் வழி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு தாலுகாவில், சுமார் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் ஏலப்பாறை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் போடிநாயக்கனூர் ரயிலில் ஏறித் தேனியில் இறங்கலாம். 2010-ஆம் ஆண்டின் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில் போக்குவரத்து, 2022-இல் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் மீண்டும் தொடங்கியது. தேனியிலிருந்து கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு வழியாகக் குட்டிக்கானம் சென்று, அங்கிருந்து கட்டப்பனைச் சாலையில் திரும்பினால், தேயிலைச் சரிவுகளின் நடுவே ஏலப்பாறை வந்துவிடும். இங்கிருந்து பிரியும் மற்றொரு சாலை வாகமண் புல்மேடுகளுக்குச் செல்கிறது.

கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. பெயர்ப் பலகை மலையாளத்தில் இருந்தாலும், கடைக்குள் நடக்கும் பேச்சு பாதி தமிழாகவே இருக்கும். தேனி, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே இங்குள்ள லயங்களில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர்.

ஊரின் பெயரிலுள்ள ஏலம், மணக்கும் ஏலக்காயைக் குறிக்கிறது என்பர். தமிழில் இன்னொரு ஏலமும் உண்டு. விலை கூறி விற்கும் அந்த ஏலம் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததென்று அகராதி கூறுகிறது. கட்டப்பனைக்கு அப்பால் புற்றடியிலுள்ள நறுமணப்பொருள் பூங்காவில் இவ்விரண்டு ஏலங்களும் ஒன்றாகச் சந்திக்கின்றன. அங்கே ஏலக்காய் கணினி வழியாக ஏலம் விடப்படுகிறது. கூடியிருக்கும் வியாபாரிகள் அனைவரும் ஒரே நேரத்தில் விலையை அறிந்துகொள்கிறார்கள். விலை வெளியரங்கமாக இருந்தால் விற்கிறவர் ஏமாறுவது குறையும். வீட்டுச் சாமான் விற்பனைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

புறப்படுதல் புதிதல்ல

இந்த மலையில் வீட்டைக் காலி செய்து புறப்படுவது பழகிப்போன காரியம். 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. சட்டி பானைகளை விற்றுவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிய அம்மக்களில் சிலர், வண்டிப்பெரியாற்றுக்கு அப்பாலுள்ள கவி ஏலக்காய்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னர் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்த பல குடும்பங்கள் வெளியூர்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றன. அவசரத்தில் விற்கிறவர்களுக்கு விலை சொல்லும் உரிமை இருப்பதில்லை. உங்கள் பெற்றோருக்கோ ஓய்வு பெறும் நாள் முன்னமே தெரியும். ஆகவே அவசரப்படத் தேவையில்லை.

அமெரிக்காவில் குடும்பங்கள் வேண்டாத பொருட்களைத் தங்கள் கார் கொட்டகையிலோ முற்றத்திலோ பரப்பி, விலைச்சீட்டு ஒட்டி, அக்கம்பக்கத்தாருக்கு விற்பது வழக்கம். இதனை கராஜ் சேல் என்கிறார்கள். 1987-இல் தொடங்கிய ஒரு விற்பனை, இன்று ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் மிச்சிகன் முதல் அலபாமா வரை ஆறு மாநிலங்களின் வழியே 690 மைல் நீளச் சாலையோரத்தில் நடைபெறுகிறது. லயத்தில் கார் கொட்டகை இல்லை, வாசல் உண்டு. அது போதும்.

முதலில் கிராஜுவிட்டி, பின்பு சாமான்

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. ஓய்வு பெற்றவர் அதனைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதேவேளையில், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்னும் கணக்கில் கிராஜுவிட்டி அவருக்கு உரியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கெடு தொடர்கிறது. ஆனால் நலிந்த தோட்டங்களில் இத்தொகை மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூடத் தாமதிப்பதுண்டு. அதுவரை பெற்றோர் லயத்திலேயே காத்திருக்க நேரிடும். கட்டிலையும் அடுப்பையும் விற்றுவிட்டுக் காத்திருப்பது எத்தனை துயரம்! ஆகையால் தொகை எப்பொழுது கிடைக்கும் என்பதைத் தோட்ட அலுவலகத்திலும் தொழிற்சங்கத்தாரிடமும் விசாரித்து அறிந்த பின்னரே விற்பனை நாளைக் குறியுங்கள்.

நாளும் நேரமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலையில் கனமழை. வாசலில் ஒரு பாயைக்கூட விரிக்க இயலாது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே உகந்தது. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஆராதனை உண்டு. எனவே ஜனவரி 26 போன்ற ஒரு பொது விடுமுறை நாள் எல்லாருக்கும் வசதியானது. காலை 9 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடித்துவிடுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடக்கூடும்.

விற்பனையைச் சபை வளாகத்தில் வைக்க வேண்டாம். வீட்டு வாசலில் நடந்தால் அடுத்த லயத்தாரும் பிற சமயத்தாரும் தயக்கமின்றி வருவார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே தேநீர்க்கடையிலும் ரேஷன் கடை அருகிலும் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு எழுதி வையுங்கள். அதில் முக்கியமான ஐந்தாறு பொருட்களின் பெயர்கள் இருக்கட்டும்.

தாயாரைக் கேட்காமல் தொடாதீர்கள்

மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாச் சாமான்களையும் எழுதுங்கள். எழுதும்போது தாயார் அருகில் இருக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு நெளிந்துபோன பித்தளை அண்டாவாகத் தெரிவது, அவர்கள் கொழுந்து பறித்த கூலியில் முதன்முதலாக வாங்கிய பொருளாக இருக்கலாம். தகப்பனாரின் கவாத்துக் கத்தி நகரத்தில் ஒன்றுக்கும் உதவாது. ஆயினும் அதை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே. வைத்துக்கொள்பவை, கொடுப்பவை, விற்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி அளவுக்காவது அவர்கள் விரும்பியதை எடுத்து வரட்டும். இடம் போதாது என்று அந்தப் பெட்டியின்மேல் கைவைக்காதீர்கள்.

விற்கக் கூடாதவை சில உண்டு. வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் காகிதங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவை பழைய தாள்களோடு கலந்துபோய்விடும். பீரோவின் ஒவ்வொரு அறையையும், மெத்தையின் அடிப்பக்கத்தையும், அரிசிப் பானையையும்கூடப் பாருங்கள். முதியோர் பணம் வைக்கும் இடங்கள் அவைதாம். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் விற்கலாகாது. ஏஜென்சியில் ஒப்படைத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். பழைய கைப்பேசியில் உள்ள விவரங்களை முற்றிலும் அழித்த பின்னரே அதனைக் கொடுங்கள். இரு சக்கர வாகனத்தைப் பதிவுப் புத்தகத்தின் பெயரை மாற்றாமல் கைமாற்றாதீர்கள்.

விலை குறிப்பது எப்படி?

நல்ல நிலையிலுள்ள பொருளுக்குப் புதிய விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். 3000 ரூபாய் மிக்ஸியானால் 1000 ரூபாய். பழுதானால் இன்னும் குறையுங்கள். பழுதை மறைக்காமல் சீட்டிலேயே எழுதுங்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு எடைதான் விலை. முந்தின நாளே கடையில் எடைபோட்டு, அன்றைய விலையை இரண்டு இடங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரியிடம் பெரிதும் இழப்பது இவ்வகைப் பொருட்களில்தான்.

ஏலம் விட்டால் கூடுதல் பணம் கிடைக்குமே என்று எண்ணலாம். புற்றடியில் வியாபாரிகள் போட்டியிடுவது வேறு; ஒரே லயத்தில் வாழ்கிறவர்கள் ஒரு தையல் மெஷினுக்காக ஒருவரையொருவர் மிஞ்சிக் கூறுவது வேறு. நீங்கள் புறப்பட்ட பிறகும் அவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ வேண்டியவர்கள் அல்லவா? எழுதிய விலையே போதும். ஒரே பொருளைப் பலர் விரும்பினால், அந்த விலைக்குச் சம்மதிக்கிறவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

விற்பனை நாளன்று

பெரிய சாமான்களைப் பின்னாலும், பாத்திரங்களை நடுவிலும், பத்து இருபது ரூபாய்ப் பொருட்களை முன்னாலும் வையுங்கள். வைத்துக்கொள்ளும் பொருட்களை உள்ளறையில் பூட்டிவிடுங்கள். இல்லையேல் அவையும் விலைபேசப்படும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை ஆயத்தமாக இருக்கட்டும். ஒருவர் பணம் வாங்க, மற்றொருவர் நோட்டில் எழுத வேண்டும். செல்போன் வழியாகப் பணம் அனுப்புகிறவரானால், தொகை வந்து சேர்ந்ததைப் பார்த்த பின்பே பொருளைக் கொடுங்கள்.

பேரம் பேசினால் வருத்தப்படாதீர்கள். வாங்குகிறவன் பொருளைக் குறைசொல்லி வாங்கிவிட்டு, போகும் வழியில் பெருமை பேசுவதை நீதிமொழிகளின் ஞானி அன்றே கண்டிருக்கிறார். எதுவரை குறைக்கலாம் என்பதை முந்தின இரவே பெற்றோரோடு பேசி முடிவு செய்துகொண்டால், வாசலில் வாக்குவாதம் எழாது.

வாங்க வருகிறவர்களில் ஒரு கூட்டத்தாரை விசேஷமாகக் கவனியுங்கள். அசாம், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்று இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். நம் முன்னோர் வந்ததுபோலவே அவர்களும் ஒரு பையோடு மலை ஏறியவர்கள். கம்பளி, சோற்றுப் பானை, குடம் இவையே அவர்களுக்கு அவசரத் தேவை. இந்தி பேசத் தெரிந்த ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். நீங்கள் விட்டுப்போகும் குளிர்காலக் கம்பளி, இந்த மலையில் முதல் குளிரைக் காணும் ஒருவருக்குப் போய்ச் சேருமானால், நூறு ரூபாய் குறைந்தாலும் நஷ்டமில்லை.

பணம் யாருடையது?

எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீதியைக் கொண்டு ஜீவனம் செய்யும்படி எலிசா ஒரு விதவைக்குச் சொன்னதாக வேதத்தில் வாசிக்கிறோம். அந்த ஒழுங்கு இங்கேயும் பொருந்தும். கடைப் பற்று, சீட்டுப் பாக்கி, கைமாற்று யாவையும் அன்றைய தினமே அடைத்து, பற்றுப் புத்தகத்தில் கணக்கு முடிந்ததென்று எழுதி வாங்குங்கள். மீதித் தொகையை எண்ணிப் பெற்றோரின் கையில் கொடுங்கள். பயணச் செலவுக்கென்று அதிலிருந்து எடுக்காதீர்கள். மகன் வீட்டில் கைச்செலவுக்குக் கையேந்தி நிற்கும் கூச்சத்தை அந்தச் சிறு தொகை சில மாதங்களுக்காவது தடுக்கும்.

விற்காமல் மிஞ்சியவற்றை மதியத்திற்குப் பின் இலவசமாகக் கொடுத்துவிடலாம். ஒன்றுக்கும் உதவாததை மட்டுமே பழைய சாமான் வியாபாரிக்கு விடுங்கள். பிளாஸ்டிக்கையும் பழைய டியூப் லைட்டுகளையும் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டுப் போகாதீர்கள்.

அன்பானவர்களே, நாற்பது ஆண்டு உழைப்பின் பலன் ஒரே இரவில் ஜீப்பில் ஏறிப் போவதைப் பார்க்கும் பெற்றோர், தங்கள் வாழ்வே விலைபோகாததாக எண்ணிக் கலங்குவார்கள். அதே பொருட்களை அண்டை வீட்டார் கேட்டு வாங்கிப் போவதைக் காணும்போதோ, அவர்கள் மனம் ஆறுதல் அடையும். இந்த வேறுபாட்டை உண்டாக்கத் தேவைப்படுவது மூன்று வார ஆயத்தமும் ஒரு நோட்டுப் புத்தகமும் மட்டுமே. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அந்த நோட்டைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.