பைய எறி, மாமா

அக்கா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் என்னால் லண்டன் போக முடிந்தது. தெற்கே, க்ராய்டனில் வீடு. அத்தான் மலையாளி. பையனுக்கு வயது 15. அக்கா இருந்தவரை அந்த வீட்டுச் சமையலறையிலாவது தமிழ் புழங்கியது. அவளோடு அதுவும் போயிற்று. இருபது வருடமாக மலையாளத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். சொந்த அக்கா மகனிடம் பேச ஒரு வாக்கியம் அகப்படவில்லை. மூன்று நாள் அவனுடைய அறைக்கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவனே வந்தான். "பார்க்குக்கு வருகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். டிராமில் ஏறி லாயிட் பார்க் போனோம். புல்வெளி, மரங்கள், அவற்றுக்கிடையே ஆங்காங்கே 18 இரும்புக் கூடைகள். ஒவ்வொரு கூடைக்கு மேலும் சங்கிலிகள் தொங்குகின்றன. டிஸ்க் கால்ஃப் என்றான். பந்தைக் குழியில் தள்ளுவதற்குப் பதில் பிளாஸ்டிக் வட்டைக் கூடையில் எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடித்தவருக்கு வெற்றி. எங்களிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு யாராவது குறுக்கே வந்தால், அவர் கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பூங்கா அவருக்கும்தான்.

பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் ஸ்கோர் எழுதியே பெயர் வாங்கியவன் நான். பையைத் துழாவி, விளிம்பு கூராக இருந்த ஒன்றை எடுத்தேன். பார்த்தாலே பாயும் போலிருந்தது. பையன் அதை வாங்கி வைத்துவிட்டு, விளிம்பு மொண்ணையான தடித்த ஒன்றைக் கொடுத்தான். கூர் விளிம்பு வட்டு பறக்கக் கையில் வேகம் வேண்டும். அது இல்லாத வலக்கைக்காரன் வழக்கமான முறையில் எறிந்தால் சீக்கிரமே இடப்பக்கம் சரிந்து விழும். கூடைக்குப் பக்கத்தில் நின்று போடுவதற்கான 'பட்டர்'தான் புதியவனுக்கு நேராகப் போகும். இதெல்லாம் பிறகு புரிந்தது. அப்போது எனக்கு ரோஷம். பலம்கொண்ட மட்டும் வீசினேன். முட்புதரில் போய் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோது பின்னாலிருந்து குரல்:

"பைய, மாமா. பைய எறி."

பைய! நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். எங்கள் வீட்டுச் சொல். அந்த வீட்டில் அதைச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள். சூடான பால் டம்ளரை நீட்டும்போது சொல்லியிருப்பாள். மாமாவிடம் 'எறியுங்கள்' என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. அம்மா பிள்ளையிடம் பேசிய தமிழ் மட்டும்தானே அவனிடம் இருக்கும்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. பைய எறிந்தேன். நேராகப் போய்க் கூடைக்குப் பத்தடி முன்னால் இறங்கியது.

அதன்பின் பேச்சு வந்தது. இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். வட்டு, திகிரி, சக்கரம் என்று எம்.ஏ. படிப்பையெல்லாம் இறக்கினேன். "தட்டுதானே?" என்றான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரிஸ்பீ என்றொரு பேக்கரி இருந்தது. அதன் காலித் தகரத் தட்டுகளை எறிந்து விளையாடியதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. சமையலறைத் தமிழிடம் தோற்றேன்.

பதினோராவது கூடைக்கருகில் எட் ஹெட்ரிக் பற்றிச் சொன்னான். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்துக்கென்றே முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர். சங்கிலிக் கூடையும் அவர் உருவாக்கியதுதான். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகள் வார்த்தார்களாம். கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டான்: "அம்மாவை எங்கே விட்டீர்கள்?"

பரீட்சை என்று அவனை அப்போது ஊருக்கு அழைத்து வரவில்லை. திருவல்லத்தில், கரமனை ஆற்றில் என்றேன். ஆறு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடலில் சேர்ந்துவிடும். விழிஞ்ஞத்தில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். தலையாட்டினான். வழக்கமாக மூன்று, நான்கு வீச்சுகளில் முடிப்பவன், அந்தக் கூடைக்கு ஏழு எடுத்துக்கொண்டான். நான் ஸ்கோர் எழுதவில்லை.

மொண்ணை வட்டை எனக்கே கொடுத்துவிட்டான். விழிஞ்ஞத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. மரங்களுக்கு மேலே புதிய துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். 2024இல் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் கூட்டம், புழுதி, நிலத்துக்கு விலை. தோப்பு இன்னும் இருக்கிறது. கூடை வருவதற்கு முன்னால் இந்த ஆட்டத்தை மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். ஆகவே எனக்கும் கூடை தேவையில்லை. காலையில் தேங்காய் விழாத நேரமாகப் பார்த்து (அப்படி ஒரு நேரம் உண்டென்று நம்பிக்கொண்டு) எறிந்து பழகுகிறேன்.

டிசம்பர் விடுமுறைக்கு வருகிறான். திருவல்லம் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறான். ஒன்பது மரங்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டாயிற்று. ஒன்பதாவது அடுத்த வீட்டுக்காரரின் வேலிக்குள் நிற்கிறது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.